ரெட் டாட் சைட்: அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே இருக்கிறது, எங்கே பழுதாகிறது

சினிமாவில் ஒருவன் நெஞ்சில் சிவப்புப் புள்ளி ஒன்று ஊர்ந்து வந்து நின்றால், அடுத்து குண்டு பாயப்போகிறது என்று அர்த்தம். அது லேசர். கோலாலம்பூரில் சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கைப்பேசியில் சுடுகிற கேம் விளையாடும் பிள்ளைகள், மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை இதை அலசுகிறவர்கள் எல்லாரும், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் ரெட் டாட் சைட்டையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். "வெயில்ல புள்ளி டார்கெட் வரைக்கும் எட்டலண்ணே", "அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கும் புள்ளி தெரியுமா?" என்கிற பேச்செல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

சும்மா பேசும்போது இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. சைட் மக்கர் செய்யும் நாளில்தான் இந்தக் குழப்பம் காசைத் தின்கிறது. நல்ல சைட்டைப் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். உண்மையில் தளர்ந்து கிடக்கும் ஸ்க்ரூவை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பழுது பார்ப்பதற்கு முன் இது வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் போதும்: குறிவைக்க உதவும் அந்த ஒளி இலக்கை நோக்கிப் போவதில்லை, உங்கள் கண்ணை நோக்கி வருகிறது.

சட்டம் பற்றி இரண்டு வரி

மலேசியாவில் இது யாரும் கடையில் வாங்கி வீட்டில் மாட்டிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் உரிமத்தோடு, கிளப் ரேஞ்சில், பொறுப்பாளர் முன்னிலையில் சுடுகிறவர்களுக்கு. இணையத்தில் சைட் ஆர்டர் செய்ய நினைத்தால், முதலில் போலீஸின் உரிமப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சைட்டில் கை வைப்பதற்கு முன் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைக்க வேண்டும். "காலியாத்தான் இருக்கு" என்று மற்றவர் சொல்வதை நம்பாதீர்கள்.

உரிமம் இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். தொலைநோக்கியின் மேல் மாட்டும் ரெட் டாட் பைண்டரும் இதே கருவிதான். துப்பாக்கியின் உதைப்பைத் தவிர மற்றது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

எல்ஆர்டி ஜன்னலில் மிதக்கும் விளக்கு

இரவு நேரத்தில் எல்ஆர்டியில் பங்சார் தாண்டிப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பாருங்கள். பெட்டிக்குள் எரியும் விளக்கு, வெளியே சாலைக்கு மேலே தொங்குவது போலத் தெரியும். அங்கே விளக்கு ஏதும் கிடையாது. வெளிக்காட்சியை உள்ளே விடுகிற கண்ணாடி, உள்ளே இருக்கிற விளக்கின் ஒளியையும் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்புகிறது. இரண்டும் ஒன்றாகக் கண்ணுக்குள் விழுவதால் விளக்கு வெளியே இருப்பதாகப் படுகிறது. எதிர் அடுக்குமாடியில் நிற்கிறவருக்கு அந்த மிதக்கும் விளக்கு தெரியாது.

ரெட் டாட் சைட்டின் அடிப்படை இதுதான். ஆனால் ரயில் கண்ணாடியை அப்படியே எடுத்து வைத்தால் குறிவைக்க முடியாது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலே மிதக்கும் விளக்கு ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு நழுவிவிடும். காரணம், விளக்கு கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு தூரமோ வெளியேயும் அவ்வளவு தூரத்தில்தான் அதன் பிம்பம் நிற்கிறது, ஓரிரு மீட்டர்தான். அதே ஜன்னல் வழியே நிலாவைப் பாருங்கள். தலையை எப்படி ஆட்டினாலும் அது தூரத்துக் கட்டட உச்சியை விட்டு நகராது. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் நம்மிடம் வந்து சேரும்போது ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். நிலா நகராமல் நிற்பது அதனால்தான்.

அப்படியானால் உள்ளே இருக்கும் விளக்கின் கதிர்களையும் இணையாக்கிவிட்டால் வேலை முடிந்தது. சைட்டின் கண்ணாடி இலேசாக வளைந்திருப்பது அதற்குத்தான். வளைவின் குவியத்தில் ஒரு குட்டி எல்ஈடி இருக்கிறது. எல்ஈடி என்பது மின்சாரம் பாய்ந்ததும் ஒளிரும் சில்லு. அதன் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, இணைக்கதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. இப்படிக் கதிர்களை இணையாக்குவதைக் கோலிமேஷன் என்பார்கள். கண்ணாடியின் மேல் சிவப்பை மட்டும் திருப்பி மற்ற நிறங்களை உள்ளே விடும் மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. சைட் வழியே பார்க்கும் உலகம் கொஞ்சம் நீலமாகவோ பச்சையாகவோ தெரிவது அதனால்தான். இதையே பழுது என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு.

இந்த யோசனை புதிதல்ல. 1900இல் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஹோவர்ட் கிரப் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேட்டரியில் ஓடும் எல்ஈடியோடு இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்தது சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம், 1975இல். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இதற்கு இன்னும் இடமில்லை. ஐபிஎஸ்சி என்கிற நடைமுறைச் சுடும் போட்டிகளின் சில பிரிவுகளில் உண்டு.

இதுவரை பார்த்தது இதுதான்: எல்ஈடி, வளைந்த கண்ணாடி, பேட்டரி, இவற்றைத் துப்பாக்கியோடு பிணைக்கும் ஸ்க்ரூ, கடைசியில் உங்கள் கண். கோளாறு பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் இருக்கும். அனுபவத்தில் எல்ஈடிதான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

புள்ளியே தெரியவில்லை

முதலில், புள்ளி அணைந்துவிட்டதா, இல்லை உங்கள் கண்ணுக்கு அகப்படவில்லையா? இணைக்கதிர்கள் ஒரே திசையில்தான் வருகின்றன. பிஸ்டலை நீட்டும்போது மணிக்கட்டு கொஞ்சம் மேலே தூக்கினாலோ கீழே சாய்ந்தாலோ கதிர்கள் கண்ணுக்குத் தப்பிப் போய்விடும். புதியவர்கள் முதல் வாரத்தில் புள்ளியைத் தேடித் தவிப்பது இதனால்தான். காலியான துப்பாக்கியை மேசையில் வைத்து, கண்ணைக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே புள்ளி தெரிந்தால் கருவியில் குறையில்லை.

அங்கேயும் தெரியவில்லையா? ஒளி அளவைக் கூட்டிப் பாருங்கள். பல சைட்டுகளில் மிகக் குறைந்த ஓரிரு நிலைகள் இரவுக் காட்சிக் கருவியோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கு. வெறும் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது. சில சைட்டுகள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தாமாகவே உறங்கிவிடும். எடுத்து ஆட்டினால் விழிக்கும்.

வெளி வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் சைட்டுகளில் நம் ஊர் ரேஞ்சுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் நிற்பது கூரைக்குக் கீழே, நிழலில். குறிப்பலகை நிற்பது உச்சி வெயிலில். சைட்டில் இருக்கும் உணரி நிழலைப் பார்த்து, "வெளிச்சம் குறைவுதான்" என்று முடிவு செய்து புள்ளியை மங்கலாக்கிவிடும். வெயிலில் பளீரென்று தெரியும் வெள்ளைப் பலகைமேல் அந்த மங்கிய புள்ளி கரைந்துபோகும். "டார்கெட் வரைக்கும் எட்டல" என்ற புகாரின் மூலம் இதுதான். தானியங்கி முறையை நிறுத்தி, கையால் இரண்டு மூன்று படி கூட்டினால் சரியாகிவிடும்.

பச்சை நிறக் கூலிங் கிளாஸும் சிவப்பை விழுங்கும். சிவப்பு நிறத்தைச் சரியாகப் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களுக்குச் சிவப்புப் புள்ளி எப்போதுமே மங்கல்தான். அவர்களுக்குப் பச்சைப் புள்ளி சைட் இருக்கிறது.

அடுத்து பேட்டரி. பெரும்பாலானவற்றில் சிஆர்2032 என்கிற நாணய வடிவப் பேட்டரி, 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். தலைகீழாகப் போட்டுவிட்டுக் கருவியைத் திட்டுவது சகஜம். புதுப் பேட்டரி போட்டும் எரியவில்லை என்றால் அதன் மேற்பரப்பைக் கவனியுங்கள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில நிறுவனங்கள் நாணயப் பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சு மின்தொடர்பைத் தடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பசார் மாலாமில் அட்டை அட்டையாகத் தொங்கும் மலிவுப் பேட்டரியை இதற்குள் போடாமல் இருப்பது நல்லது. அது டிவி ரிமோட்டுக்குப் போதும்.

சுடாதபோது ஒழுங்காக எரிந்து, சுட்ட உடனே புள்ளி சிமிட்டுகிறது அல்லது அணைகிறது என்றால், உதைப்பில் பேட்டரியும் தகடும் ஒரு கணம் பிரிகின்றன. மூடி முழுதாக இறுகியிருக்கிறதா, தொடும் தகடு தட்டையாகிப் போயிருக்கிறதா, பச்சையாகத் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் துரு சீக்கிரமே வரும். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோகிற பழக்கத்தை விட வேண்டும்.

இன்னொன்று. எல்ஈடி திறந்தவெளியில் தெரியும்படி அமைந்த சைட்டுகள் உண்டு. நாலு பக்கமும் மூடிய பெட்டிபோல் வருபவையும் உண்டு. திறந்த வகையில் எல்ஈடி மேல் ஒரு மழைத்துளி உட்கார்ந்தாலே புள்ளி சிதறும் அல்லது காணாமல் போகும். பஞ்சுக் குச்சியால் அந்தத் துளியை ஒற்றி எடுத்தால் முடிந்தது.

புள்ளி வட்டமாக இல்லை

எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். புள்ளி நட்சத்திரம்போல் தெறிக்கிறது, வால் முளைத்திருக்கிறது, திராட்சைக் கொத்துபோல் இருக்கிறது என்பார்கள். ஒன்றை மாற்றி இன்னொன்று, இன்னும் விலையுயர்ந்த ஒன்று என்று வாங்கிக்கொண்டே போவார்கள். எல்லாவற்றிலும் அதே வால் இருக்கும். ஏனென்றால் வால் இருப்பது கண்ணில்.

கண்ணின் முன்பக்கம் எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளைந்திருக்காத நிலையை ஆஸ்டிக்மாட்டிசம் என்கிறார்கள். நிறையப் பேருக்கு இது இருக்கும். பகலில் சாதாரண வேலைகளில் தெரியவே தெரியாது. இருட்டில் எதிரே வரும் காரின் விளக்கு கோடு கோடாக நீளுவதும், சைட்டின் புள்ளி சிதறுவதும் ஒரே காரணத்தால்தான்.

கண்ணா கருவியா என்று கண்டுபிடிக்கத் தலையைச் சாய்த்தாலே போதும். காலியான துப்பாக்கி மேசைத் தாங்கியில் அசையாமல் இருக்கட்டும். புள்ளியைப் பார்த்துக்கொண்டே தலையை மெதுவாக ஒரு தோள் பக்கம் சாய்க்கவும். வாலும் தலையோடு சேர்ந்து சாய்ந்தால் அது உங்கள் கண். வால் அசையாமல் அப்படியே நின்றால் சைட்டைச் சந்தேகப்படலாம். இன்னொரு வழி, கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு அதன் வழியே பார்ப்பது. துளை வழியே புள்ளி உருண்டையாகத் தெரிந்தால் பிரச்சினை கண்ணில்தான். கைப்பேசிக் கேமராவில் படமெடுத்தும் பார்க்கலாம்; ஆனால் ஒளியைக் குறைத்துவிட்டு எடுக்க வேண்டும். அதிக ஒளியில் கேமராவும் புள்ளியை ஊதிக் காட்டும்.

கேமரா மட்டுமல்ல, நம் கண்ணும் அப்படித்தான். உள்ளரங்கில் புள்ளியை முழு ஒளியில் வைத்துக்கொண்டு "ரொம்பப் பெருசா இருக்கு" என்பதில் பொருளில்லை. குறைத்துப் பாருங்கள், பாதி வால் தானாகவே ஒடுங்கிவிடும். மீதியைக் கண் மருத்துவரிடம் எழுதி வாங்கும் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

புள்ளி ஓரிடம், குண்டு வேறிடம்

இங்கே இரண்டு சொல் தேவைப்படும். புள்ளி காட்டும் இடமும் குண்டு படும் இடமும் குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்து வைப்பதற்கு ஜீரோ செய்வது என்று பெயர். எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது ஏறக்குறைய 2.9 செ.மீ., 25 மீட்டரில் சுமார் 7 மி.மீ. பல சைட்டுகளில் புள்ளியை நகர்த்தும் திருகை (சைட்டைப் பிணைக்கும் ஸ்க்ரூ வேறு) ஒரு கிளிக் திருப்பினால் 1 எம்ஓஏ நகரும்.

இப்போது தாங்கியில் வைத்து, அவசரப்படாமல் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஐந்தும் நெருக்கமாக, ஆனால் நடுவுக்கு 7 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால் ஜீரோதான் நகர்ந்திருக்கிறது. 25 மீட்டரில் என்றால் வலப்பக்கம் பத்து கிளிக். அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். ஐந்தும் பலகை முழுக்கச் சிதறிக் கிடந்தால் திருகைத் தொடவே தொடாதீர்கள். ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடுகிற பொருளை ஜீரோ செய்ய முடியாது. நூற்றுக்கணக்கில் தோட்டாவை வீணாக்குகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆடுவது பெரும்பாலும் ஸ்க்ரூ. சைட்டை விரலால் பிடித்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் கழற்றி, ஸ்க்ரூவிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயைத் துடைத்து, நீல நிற நடுத்தரப் பூட்டுப் பசை ஒரு துளி வைத்து, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அதைப் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். சூடு உள்ளே இருக்கும் மின்னணுப் பாகத்துக்கு ஆகாது. இறுக்கி முடித்ததும் ஸ்க்ரூ தலைமேலும் உடல்மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மறுபடி தளர்ந்தால் கோடு முறிந்திருக்கும். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். நெயில் பாலிஷை மனைவியிடம் கேட்டு எடுப்பது நல்லது.

சில பிஸ்டல் சைட்டுகளில் பேட்டரி அடிப்பக்கம் இருக்கும். பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் சைட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டினால் ஜீரோவை மறுபடி சரிபார்க்க வேண்டும். "நேத்து சரியா இருந்துச்சு" என்பவர்களிடம் கேட்டால், இன்று காலைதான் பேட்டரி மாற்றியிருப்பார்கள்.

ஸ்க்ரூ உறுதியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? பத்து கிளிக் ஒரு பக்கம் திருப்பிச் சுடுங்கள். பிறகு அதே பத்தைத் திருப்பி வைத்துச் சுடுங்கள். குண்டு பழைய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால், உள்ளே இருக்கும் நகர்த்தும் பாகம் பழுது. இது வீட்டில் சரிசெய்யும் வேலை இல்லை.

பழுதே இல்லாமல் குண்டு தள்ளிப்போவதும் உண்டு. சைட் குழலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. 4 செ.மீ. உயரத்தில் இருக்கும் சைட்டை 25 மீட்டருக்கு ஜீரோ செய்தால், 5 மீட்டரில் குண்டு சுமார் 3 செ.மீ. தாழ்வாகத்தான் படும். வெறும் வடிவியல்.

அப்புறம் பாரலாக்ஸ். கண் நகரும்போது புள்ளி இலக்கின் மேல் நகர்வதாகத் தெரிவதற்கு இந்தப் பெயர். "எங்கள் சைட்டில் பாரலாக்ஸே இல்லை" என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். கிட்டத்து இலக்கில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். கதிர்கள் இணையாக இருப்பதால், கண் கண்ணாடியின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியதோ, குறிபார்க்கும் கோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் விலகும். 2 செ.மீ. அகலக் கண்ணாடியில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போனாலும் 1 செ.மீ. பலகையில் ஒரு அடி தள்ளிப்போன குண்டுக்குப் பாரலாக்ஸைக் குற்றம் சொல்ல முடியாது.

சுருக்கமாக, நெருக்கமாக விழுந்து தள்ளிப்போனால் திருகு. சிதறினால் முதலில் ஸ்க்ரூ, அப்புறம் சுடுகிறவர்.

கண்ணாடி மங்கல்

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ சைட்டை எடுத்து வெளியே வந்ததும் கண்ணாடி வேர்க்கும். கோலாலம்பூர்க் காற்றில் அவ்வளவு ஈரம். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இது தினசரி அனுபவம். பையைத் திறந்துவைத்து, வெளி வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்தால் தானே போய்விடும். சட்டை நுனியால் தேய்க்க வேண்டாம், பூச்சு கீறும். முதலில் தூசியை ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் துணி. துப்பாக்கி துடைக்கும் ரசாயனத்தைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூடிய வகைச் சைட்டுகளில் பலவற்றின் உள்ளே ஈரமில்லாத நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். ஆவி உள்பக்கத்தில் படிகிறது, துடைத்தும் போகவில்லை என்றால் அடைப்பு உடைந்துவிட்டது. நூல்போல் கிளை விரித்துத் தெரிந்தால் பூஞ்சை. இரண்டையும் நீங்களே திறந்து சுத்தம் செய்யப் போகாதீர்கள். திறந்தால் உத்தரவாதமும் நைட்ரஜனும் சேர்ந்தே போய்விடும். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ட்ரை கேபினட்டில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைத்தால் பூஞ்சை அண்டாது. அது இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கடைக்கு அனுப்பும்போது

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் அனுப்பிவிட வேண்டியதுதான். சைட்டை மட்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு. "வேலை செய்யல" என்று மட்டும் எழுதினால் அவர்களும் ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். எந்த ஒளி நிலையில், எந்தப் பேட்டரியில், சுடும்போதா சும்மா இருக்கும்போதா, எத்தனை மீட்டரில் குண்டு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியது என்று எழுதுங்கள். பத்து கிளிக் சோதனையில் சுட்ட பலகையைப் படமெடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள்.